ரோட்டுக்கு எட்டு டன்

கால் இடிச்சிருச்சா சார்? மன்னிச்சுக்கோங்க. சாக்குல இருக்கறது இரும்பு. இருங்க, இப்படி நகத்தி வெச்சுக்கறேன், நீங்க கால நீட்டி உக்காருங்க. சேலத்துக்கா? நானும் சேலத்துக்குத்தான். கள்ளக்குறிச்சியில ஏறுனதுல இருந்து இத கால் நடுவுல வெச்சுக்கிட்டே வரேன். கண்டக்டர் லக்கேஜ் போடுவேன்னு நின்னாரு. என்னய்யா இது, பழைய இரும்பு, அஞ்சு கிலோகூட வராதுன்னேன். விட்டுட்டாரு.

என்னான்னு பாக்கறீங்களா? கொக்கி சார். டிராக்டருக்குப் பின்னாடி, டிரெய்லர மாட்டறதுக்கு இருக்கும்ல, அந்தக் கொக்கி. இங்க பாருங்க, எப்படி வாயப் பொளந்துகிட்டு கெடக்குதுன்னு. வாங்கி ஒரு சீசன் முழுசா ஓடல. இதக் கொண்டுபோயி அந்தத் தனபால் கடை மேசை மேல டமார்னு போடப்போறேன். பாத்துக்கய்யா உன் சரக்கன்னு கேக்கப்போறேன். கேட்டுட்டு, அவன்கிட்டயே வேற ஒண்ணு வாங்கணும். அதான் கொடுமை. என் டிராக்டருக்குப் பொருந்தற மாதிரி கொக்கி அவன்கிட்டதான் இருக்கு. சண்டை போடவும் அவன்தான், வாங்கவும் அவன்தான்.

தலைவாசல் தாண்டிட்டமா சார்? இன்னும் தாண்டலையா! இந்த டிரைவர் என்ன பொண்ணு பாக்கவா போறாரு, இவ்ளோ நிதானமா? கடைய சாத்திட்டான்னா நான் செத்தேன். நெசமாவே செத்தேன் சார், பேச்சுக்குச் சொல்லல.

என் பேரு கலியபெருமாள். கள்ளக்குறிச்சிக்கு வடக்கால ஊரு. டிராக்டர் வெச்சுக் கரும்பு அடிக்கறேன், ஆலைக்கு. இந்த சீசன் பூரா ஊரான் கரும்பத்தான் அடிச்சேன். நம்மளுது எங்க போயிடப்போவுது, நம்ம வண்டி, நம்ம காடு, கடைசியில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். இப்ப நம்மளுத வெட்டிப் போட்டாச்சு. வெட்டற ஆளுங்க வேலைய முடிச்சுட்டு அவங்க ஊருக்கே போயிட்டாங்க. கரும்பு காட்டுல கெடக்குது. இந்த வெயிலப் பாத்தீங்கல்ல? வெட்டுன கரும்பு ஒரு நாள் கெடந்தா ஒரு நாள் எடை போச்சு. நேத்து ஒரு கட்டத் தூக்கிப் பாத்தேன், சோளத்தட்ட மாதிரி லேசா இருக்குது. ஆலை ஞாயித்துக்கிழமையோட நிறுத்தறான். அதுக்கப்பறம் அந்தக் கரும்ப என்ன பண்றது? அடுப்புதான் எரிக்கணும். ஒரு வருசத்து பாடு சார், ஒரு வருசம்.

வேற வண்டி கேக்காம இருப்பேனா? கேட்டேன். சீசன்ல என் கையில டீ வாங்கிக் குடிச்சவன்லாம் போனை எடுக்க மாட்டேங்கறான். அவனவனுக்கு அவனவன் கரும்பு. தப்பு சொல்ல முடியாது. ஆலை வாசல்ல வரிசை எங்க நிக்குது தெரியுமா? மெயின் ரோடு வரைக்கும். ஒரு நடை போனா ஒரு பகல் ஒரு ராத்திரி அங்கயே போயிடும். எப்படிக் கணக்குப் போட்டாலும் எனக்கு ரெண்டு நடைதான் கெடைக்கும். அந்த ரெண்டு நடையில மொத்தக் கரும்பும் போயாவணும். அதுக்குத்தான் கொக்கி. கெட்டியான கொக்கி.

எவ்ளோ லோடா? எட்டு டன் சார். நடைக்கு எட்டு டன். அதுக்கு மேல நாங்க ஏத்தறதில்ல.

இந்தக் கொக்கி கதையச் சொல்றேன் கேளுங்க. போன தைக்கு முன்னாடி பழசு தேஞ்சுபோச்சுன்னு சேலத்துக்கு வந்தேன். தனபால் பெரிய கடை. செவுரு பூரா கொக்கிய மாட்டி வெச்சிருக்கான். சின்னது, பெருசு, தட்டையா இருக்கறது, உருண்டையா இருக்கறது. ஒரு கொக்கின்னு கேட்டா எடுத்துக் குடுத்துட்டுப் போவியா, கேள்வி கேக்கறான். என்ன டிராக்டர், டிரெய்லர் ரெண்டு சக்கரமா நாலு சக்கரமா, மேடு உண்டா பள்ளம் உண்டா. ரெண்டு சக்கரம்னேன். அப்ப இழுக்கற பாரமும் இருக்கு, கொக்கி மேல உக்கார்ற பாரமும் இருக்கு, ரெண்டையும் பாக்கணும்னான். கொக்கியில எண்ணு அடிச்சிருக்கும், அதத் தாண்டக்கூடாதுன்னான். கொக்கி மட்டும் பெருசா இருந்தா போதாது, அத டிராக்டர்ல புடிச்சிருக்கற போல்ட்டு, டிரெய்லர் வளையம், நடுவுல போடற பின்னு, இதுல எது இளைச்சதோ அதுதான் உங்க கணக்குன்னான். அதோட விட்டானா? உங்க டிராக்டருக்கே ஒரு அளவு இருக்குது, அதுக்கு மேல எந்தக் கொக்கி போட்டாலும் ஆவாதுங்கறான். கொக்கி வாங்க வந்தவன்கிட்ட டிராக்டர் சரியில்லைங்கறான் சார்! எம்மாம் கொழுப்பு!

அப்பறம் கேட்டான், எவ்ளோ லோடு அடிப்பீங்கன்னு. எட்டுன்னேன். என்னை ஒரு பார்வ பாத்துட்டு, நெசமா எவ்ளோ அடிப்பீங்கன்னான். எட்டுதான்யான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, ஒரு கொக்கிய கையில வெச்சுக்கிட்டு, மறுபடியும், அண்ணே கரும்பா ஏத்தறீங்க, எட்டுதானான்னான். ஒருத்தன் ஒரே கேள்விய திருப்பித் திருப்பிக் கேட்டா நமக்கு சந்தேகம் வருமா வராதா? கடையில நாலு பேர் நிக்கறாங்க. யாரு, எந்த ஆபீஸு, எதுவும் தெரியாது. ஒருத்தன் பேண்ட்டு வேற காக்கி. கண்ண இறுக்கிக்கிட்டு, எட்டு, எட்டு, எட்டுன்னேன். சரிண்ணே, எட்டுன்னா இது பத்து வரைக்கும் தாங்கும்னு எடுத்துக் குடுத்தான்.

நானும் சும்மா வாங்கல சார். சுத்தியல வாங்கி தட்டிப் பாத்தேன். பானைய தட்டிப் பாக்கற மாதிரி எல்லாத்தையும் தட்டிப் பாத்தேன். இது கணீர்னு சத்தம் குடுத்துச்சு, கோயில் மணி மாதிரி. விரிசல் கிரிசல் இருந்தா சத்தம் காட்டிக் குடுத்துரும். எனக்கும் தெரியும்ல? பொறந்ததுல இருந்து இரும்போடதான் இருக்கேன்.

தண்ணி இருக்கா சார்? ஒரு வாய் குடுங்க. காலைல இருந்து எதுவும் எறங்கல. ஆஸ்பத்திரியில இருந்து அப்படியே வரேன்.

என் மவன் சார். ஞானவேல். அவனுக்குத்தான்.

சொல்றேன். சொல்லத்தான் உங்ககிட்ட வாயத் தொறந்தேன்.

ஆலைக்குப் போற வழியில ரயில்வே பாலம் ஒண்ணு ஏறி எறங்கணும். அந்த ஏத்தத்துலதான் எல்லா வண்டிக்கும் உசுரு போய் வரும். நாங்க எப்படிப் போவோம்னா, நான் ஓட்டுவேன், ஞானவேலு மட்கார்டு மேல உக்காந்துக்குவான். அவன் மடியில முட்டுக்கட்ட இருக்கும். புளியமரத்துக் கட்ட. ஏத்தத்துல வண்டி தெணறி நின்னுச்சுன்னு வெச்சுக்கோங்க, நான் ‘போடு’ன்னு ஒரு குரல் குடுப்பேன். அவன் குதிச்சு ஓடிப்போயி டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னாடி கட்டயப் போட்டுருவான். வண்டி பின்னாடி உருளாது. அப்பறம் மெதுவா கிளட்ச்ச விட்டு ஏத்துவேன். அவன் கட்டய எடுத்துக்கிட்டு ஓடிவந்து ஏறிக்குவான். எல்லா வண்டியிலயும் அப்படித்தான். சங்கிலின்னு ஒண்ணு போடலாம், கொக்கி விட்டாலும் டிரெய்லர புடிச்சுக்கும். தனபால் அதையும் விக்கப் பாத்தான். எதுக்குங்கறேன்? ஆலைக்குள்ள ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டணும், வரிசையில பின்னால நிக்கறவன் திட்டுவான். கட்ட போடறதுக்கு ஆளு இருக்கும்போது சங்கிலி எதுக்கு?

அன்னைக்கு காலைல லோடு ஏத்தி முடிச்சு கயிறு கட்டிக்கிட்டு இருந்தோம். நம்ம கரும்பு சார் அது, முத நடை. ஞானவேலு தள்ளி நின்னு டிரெய்லரப் பாத்துட்டு, அப்பா இது இருபதத் தாண்டிரும் போலருக்கேன்னான். எனக்கு சுருக்குனுச்சு. லோடு ஏத்துன வண்டிக்கு முன்னாடி எடையச் சொல்லலாமா? எங்க லைன்ல யாரும் சொல்ல மாட்டான். வாய வெச்சா வண்டி படுத்துக்கும். வாய மூடுறா, எட்டு டன்னுன்னேன். எட்டு இல்லப்பான்னான். பின்னங்கையால ஒரு அறை விடலாம்னு வந்துச்சு, கல்யாண வயசுப் பையன், விட்டுட்டேன்.

பாலத்துல பாதி ஏறிட்டேன். இஞ்சின் இழுத்துப் புடிக்குது. முன் சக்கரம் ரெண்டும் தரையில நிக்கல, அந்தரத்துல ஆடுது. பல்லக் கடிச்சுக்கிட்டு ஏத்தறேன். வண்டி நின்னுபோச்சு. ‘போடு’ன்னேன். ஞானவேலு குதிச்சான். அடுத்த நிமிசம் டிராக்டர் குபுக்குன்னு மேல போச்சு சார். அப்படியே லேசாயிருச்சு. பாரமே இல்ல. எனக்கு என்னா சந்தோசம்ங்கறீங்க? ஏறிட்டம்டா, ஏறிட்டம்டான்னு கத்திக்கிட்டு ஓட்டறேன். சிரிச்சுக்கிட்டு ஓட்டறேன். திரும்பிப் பாக்கல. எதுக்கால சைக்கிள்ல வந்த ஆளு கையக் கையக் காட்டறான். அப்பறம்தான் திரும்பிப் பாத்தேன்.

டிரெய்லர் இல்ல.

கீழ போயி கைப்புடிச் செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குது. நடுவுல ரோட்டுல ஞானவேலு கெடக்கறான். கட்ட பக்கத்துலயே கெடக்குது. அவன் கட்டய சரியாத்தான் போட்டிருக்கான் சார், நான் அவன குத்தம் சொல்லல. கட்டயத் தாண்டி, அவன் காலத் தாண்டி, வண்டி போயிருச்சு.

அந்த சந்தோசம் இருக்கு பாருங்க, அந்த ஒரு நிமிசம் சிரிச்சேன் பாருங்க, அது என்னை விட மாட்டேங்குது. கண்ண மூடுனா வண்டி லேசா போற மாதிரியே இருக்குது. அவன் அங்க கத்திக்கிட்டு கெடந்திருக்கான், நான் இங்க சிரிச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன். எல்லாம் அந்தத் தனபாலாலதான் சார். ஒரு கொக்கி ஒழுங்கா குடுத்திருந்தான்னா!

முட்டிக்குக் கீழ கம்பி கம்பியா வெச்சிருக்காங்க. கால் தங்குமா தங்காதான்னு வியாழக்கிழமை சொல்றேன்னிருக்காரு டாக்டரு. நல்ல டாக்டரு. அன்னைக்கு உள்ள கொண்டுபோன உடனே என்னைக் கூப்புட்டு, மேல ஏறுன வண்டி எவ்ளோ எடையிருக்கும்னு கேட்டாரு. வாசப்படியில போலீசு நிக்குது. எட்டு டன் சார்னேன். அவரு எழுதப் போனாரு. அந்த வலியிலயும் இவன் தலையத் தூக்கி, ‘இருபது சார். எங்கப்பா சொல்றத எழுதாதீங்க’ன்னான். எனக்கு உசுரே போயிருச்சு. போலீசு என்னையப் பாக்குது. வலியில ஒளர்றான் சார், ஜொரம்னேன். நல்லவேளை, போலீசு எட்டுன்னே எழுதிக்கிட்டு போயிட்டாங்க. வண்டிய விட்டுட்டாங்க. இல்லேன்னா அதுவும் ஸ்டேஷன்ல நின்னிருக்கும். பெத்த அப்பன மாட்டி விடற மாதிரி பேசலாமா ஒரு புள்ள?

ஆனா சார், இந்த ஆலைக்காரன் பண்ற அநியாயத்தக் கேளுங்க. எடை மேடையில வண்டிய ஏத்துனா முள்ளு ஒழுங்கா நிக்கறதில்ல. போன மாசம் சுளையா இருபது டன் ஏத்திக்கிட்டுப் போறேன், பத்தொம்பதே முக்காலுங்கறான். விடுவேனா? வண்டிய மேடையில இருந்து எறக்க மாட்டேன்னு நின்னுட்டேன். பின்னாடி அத்தன வண்டியும் ஹாரன் அடிக்கறான். மேனேஜரே எறங்கி வந்தாரு. ஏத்துனவனுக்குத் தெரியாதா எடை? ஒரு கட்டு கரும்பு கொறஞ்சாலும் நான் சொல்லிருவேன். மறுபடியும் எடை போட்டு, இருபதுன்னு எழுதுன அப்பறம்தான் எறங்குனேன். நம்மள ஏமாத்த முடியுமா?

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

ஓ, அதுவா. அது ஆலைக்கு சார். ஆலைக்கு இருபது, ரோட்டுக்கு எட்டு. மெதுவாப் பேசுங்க, முன் சீட்டுல காக்கிச் சட்டை ஒண்ணு உக்காந்திருக்குது. நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. எங்க லைன்ல யாரு கேட்டாலும் எட்டுதான். போலீசு கேட்டா எட்டு. ஆர்.டி.ஓ. கேட்டா எட்டு. டீக்கடையில கேட்டா எட்டு. என் பொண்டாட்டி கேட்டாலே எட்டுன்னுதான் வரும். வண்டியோட ஆர்.சி. புக்குல அதுதான் இருக்கு. ஊருக்கு ஒரு பேச்சு, அவ்ளோதான். பொய்யில்ல சார், வழக்கம். அந்தத் தனபாலுக்கு இது தெரியாதா? கரும்பு வண்டிக்காரன் எட்டுன்னா இருபதுன்னு அவனாப் புரிஞ்சுக்க வேணாமா? இத்தன வருசமா கடை வெச்சிருக்கான்! அவன் புரிஞ்சுக்கிட்டுப் பெரிய கொக்கியாக் குடுத்திருந்தா இன்னைக்கு என் மவன் எந்திரிச்சு நடப்பான்.

என்னது? நான் சொல்லியிருக்கணுமா? நாலு பேரு மத்தியிலயா?

ஞானவேலும் இதத்தான் கேட்டான் சார். முந்தாநாளு. ஆப்பரேசன் பண்ணதுல இருந்து என்கிட்ட பேசறதே இல்ல. சாத்துக்குடி உரிச்சு நீட்டுனா அவங்கம்மா கையாலதான் வாங்கறான். முந்தாநாளுதான் வாயத் தொறந்தான். அப்பா, கடையில எவ்வளவுன்னு சொன்னன்னு கேட்டான். என்னத்தடா சொல்றது, எட்டுதான்னேன். செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டான். அந்த ஜன்னல் வெளிச்சம் அவன் கண்ணுல நேரா அடிக்குது, அதனாலதான் போலருக்கு. நர்சம்மாகிட்ட சொல்லி ஒரு துணி கட்டச் சொன்னேன். துணி கட்டுன அப்பறமும் செவுத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

ஆத்தூர் வந்துருச்சா? அப்பாடா. இன்னும் பாதிதான்.

நாளைக்கு யாரு கட்ட போடறதுங்கறீங்களா? அதத்தான் நானும் நேத்து ஊரு பூரா கேட்டேன். ஒருத்தன் வர மாட்டேங்கறான். மட்கார்டப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறான். கூலி மேல போட்டுத் தரேன்னாலும் வரல. வீட்டுல வந்து தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்தேன். அழுவ வந்துருச்சு. இந்த வயசுல அழுதேன் சார், என்ன வெக்கம்? மவன் கால் அங்க போவுது, கரும்பு இங்க போவுது. எதப் புடிக்கறது?

அஞ்சலை, எங்க வீட்டுக்காரி, அடுப்படியில இருந்து வந்தா. நான் வரேன்னா. எங்கடின்னேன். மட்கார்டுக்குன்னா. கட்டய நானே போடறேன், எனக்குக் கை இல்லையா, கால் இல்லையான்னா. அவ்ளோ நாளும் அந்த வண்டியில ஏறாதவ சார். புகை ஆவாது அவளுக்கு.

ஆனா ஒண்ணு கேட்டா. அந்தக் கடைக்காரன்கிட்ட இந்தத் தடவ உள்ளதச் சொல்லிருவியான்னா. எதன்னேன். எவ்ளோ ஏத்தறங்கறதன்னா. சொல்லிடறேன்டின்னேன். என் தலையில அடிச்சுச் சொல்லுன்னா. பொம்பளைங்க சொன்னாக் கேக்க மாட்டாங்க. சரின்னு அவ தலையில கைய வெச்சேன். என்ன சார், எண்ணெ தடவாம தல பரட்டையாக் கெடக்குது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சு, ஒரு வாரமா தல சீவல. கைய எடுக்கவே தோணல. இருபதுன்னு சொல்லிடறேன்டின்னு சொன்னேன். சத்தமா இல்ல, ஆனா சொன்னேன். வண்டி வெளியதான் நிக்குது, காலியாத்தான் நிக்குது, பரவால்ல.

சொல்லிருவேன் சார். நேர்ல போயி தனியாக் கூப்புட்டு காதோட காதா சொல்லிருவேன். அவன் என்ன கொக்கி எடுத்துக் குடுக்கறானோ குடுக்கட்டும். சங்கிலியும் வாங்கிக்கறேன். டிராக்டருக்கு இது ஆவாதுன்னு மறுபடியும் ஆரம்பிச்சான்னாத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. ரெண்டு நடை சார். ரெண்டே நடை. அந்த டிராக்டரு எனக்கு ரெண்டு நடை குடுக்காதா?

இருங்க, போன் அடிக்குது. தனபால்தான், வரேன்னு காலைலயே சொல்லி வெச்சிருந்தேன்.

அலோ. ஆமாங்க, கலியபெருமாள்தான். வாழப்பாடி தாண்டிட்டேன், வந்துட்டே இருக்கேன்... என்னது, கடைய சாத்தறீங்களா? ஐயோ, சாத்தாதீங்க! கல்யாணமா? அது... சரிங்க... பஸ்ஸ்டாண்டுக்கேவா? ஆள்கிட்ட குடுத்து அனுப்பறீங்களா? நல்லதாப் போச்சுங்க, நல்லாருங்க... ஆமாங்க, அதே டிராக்டர்தான். அதே ரெண்டு சக்கரந்தான்... லோடா... லோடு வந்துங்க...

எட்டு. எட்டு டன்னுங்க.

ஆமாங்க, எட்டுதான்... இல்லீங்க, நெசமாத்தான்... ஆனா நல்லாக் கெட்டியாப் பாத்துக் குடுங்க. போன தடவ மாதிரி குடுத்துடாதீங்க. சரிங்க. வெச்சிடறேங்க.

என்ன சார்? அந்தாளு பாத்தீங்கல்ல, காக்கிச் சட்டை, சரியா அந்த நேரத்துலதான் திரும்பி என் மூஞ்சியப் பாக்கறான். இருபதுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமா. இங்க வரைக்கும் வந்துச்சு. எட்டுன்னு வந்துருச்சு. வாய்ப் பழக்கம்.

அட, எறங்கறான். அது போலீசு இல்ல சார். ஏதோ கம்பெனி வாட்ச்மேனு. பை மேல பேரு போட்டிருக்கு பாருங்க.

திரும்பக் கூப்புடறதா? கூப்புட்டு? முன்ன சொன்னது பொய்யிங்கன்னு சொல்றதா? ஒரு மனுசன் நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்? உங்களுக்கென்ன சார், பேண்ட்டு போட்ட ஆளு, சுலபமாச் சொல்றீங்க. அதுவுமில்லாம அவன் எடுத்து வெச்சு கட்டிட்டானாம். அதே கொக்கிதானாம், போன தடவ குடுத்ததுதான், எட்டுக்கு அதுதானாம். ஆனா புதுசா வந்து எறங்குன லாட்டாம். புது லாட்டுன்னா கெட்டியா இருக்கும்ல? நான் தட்டிப் பாத்துத்தான் வாங்குவேன். சத்தம் சரியில்லேன்னா வாங்க மாட்டேன்.

இல்ல, கூப்புடலாம். எறங்குன உடனே கூப்புடறேன். அதுக்குள்ள அவன் கல்யாணத்துக்குப் போயிட்டான்னா என்ன பண்றது, நாளைக்கு காலைல லோடு...

அஞ்சலை கெட்டிக்காரி சார். கரும்புக் கட்ட ஒத்தையாத் தூக்கி டிரெய்லர் மேல எறிவா. இந்தக் கட்ட போடறது அவளுக்கு ஒரு வேலையா? நான் ‘போடு’ன்னா போட்டுருவா. இந்தத் தடவ நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டப்போறேன். வண்டி லேசாச்சுன்னா சிரிக்க மாட்டேன். உடனே பாத்துருவேன். பாத்துருவேன் சார்.

வந்துருச்சு, பஸ்ஸ்டாண்டு வந்துருச்சு. எறங்குங்க சார், நீங்க முதல்ல எறங்குங்க. இந்தச் சாக்க மட்டும் ஒரு கை புடிச்சுக்கறீங்களா? ரெண்டு நாளாத் தூங்கல. நீங்க கீழ நின்னு வாங்கிக்கோங்க, நான் மேல இருந்து விடறேன். கனமெல்லாம் இல்ல சார், அஞ்சு கிலோதான். ஒரு கையே போதும்.

புடிச்சுட்டீங்களா? விடட்டுமா? விட்டுட்டேன்.

ஐயையோ! சார், ரெண்டு கையும் போடுங்க, ரெண்டு கையும்! விட்றாதீங்க, கீழ அந்தம்மா நிக்குது, விட்றாதீங்க சார், விட்றாதீங்க.